ரோபோட்டிக்ஸ் அணியை ஊர் தாங்க வேண்டும்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் பட்டறைத் தெருக்களுக்கும் ஒரு திறந்த மடல்

நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் அம்மா அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் பட்டறை நடத்திவரும் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

கோவையின் வடபகுதியில், லேத் பட்டறைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் நடுவே அமைந்திருக்கும் நம் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு ரோபோட்டிக்ஸ் அணி இயங்கிவருவதை உங்களில் பலர் அறிவீர்கள். இப்பள்ளியில் படித்தவள், இப்போது பம்புகளுக்கான பேனல் போர்டுகளை வடிவமைக்கும் வேலையில் இருப்பவள், சனிக்கிழமைகளில் அந்த அணிக்கு உதவிவருபவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நான் கேட்க வந்தது நன்கொடை மட்டும் அல்ல. இந்த அணி இன்று ஒரேயொரு அறிவியல் ஆசிரியரின் ஆர்வத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த பணிமாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு ஊர் அமைந்தால், அவர் கிளம்பிய வாரத்திலேயே அணியும் கலைந்துவிடும். அவ்வாறு கலையாதபடி, இதைப் பள்ளியின் நிலையான பணிகளுள் ஒன்றாகவும், இந்த வட்டாரம் பொறுப்பேற்று நடத்தும் ஒரு காரியமாகவும் மாற்றித் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ரோபோ என்றதும் கைகுலுக்கி வணக்கம் சொல்லும் மனித உருவப் பொம்மையை நினைத்துக்கொள்வோர் பலர் இருப்பதால், அணியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்பு நாடாவைப் பின்தொடர்ந்து ஓடும் சிறு வண்டியில் தொடங்குகிறார்கள். அடுத்து, எதிரே இருக்கும் பொருளின் தூரத்தை மீயொலியால் அளந்து விலகிச் செல்லும் வண்டியைச் செய்கிறார்கள். மேல்வகுப்பினர், ஒரு பொருளைப் பற்றித் தூக்கிக் குறித்த இடத்தில் வைக்கும் கையை வடிவமைக்கிறார்கள். ஃபர்ஸ்ட் லீகோ லீக், உலக ரோபோ ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் கேட்கப்படுவதும் ஏறக்குறைய இதுவே: குறித்த நேரத்துக்குள், ஒரு மேசைப்பரப்பின் மேல், யாரும் தொலைவிலிருந்து இயக்காமல், பிள்ளைகள் எழுதிய நிரலின்படி வண்டி சில பணிகளை முடிக்க வேண்டும். லீகோ லீக்கில் அதற்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம். ஆனால் வண்டி ஓடுவதற்கு மட்டும் அங்கே மதிப்பெண் தருவதில்லை. அதை எப்படி வடிவமைத்தார்கள், சுற்றுப்புறத்தின் ஒரு சிக்கலுக்கு என்ன தீர்வு யோசித்தார்கள், அணியினர் ஒருவரையொருவர் எப்படி நடத்திக்கொண்டார்கள் என்பதையெல்லாம் நடுவர்கள் அமர்ந்து கேட்கிறார்கள். உலக ரோபோ ஒலிம்பியாட் 2004-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2016-ல் அதன் இறுதிப்போட்டி புதுதில்லியிலேயே நடைபெற்றது. எட்டாத தொலைவில் நடக்கும் காரியமாக இதை நாம் எண்ண வேண்டியதில்லை.

இதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது என்ன என்று கேட்பவர்களுக்கு, சென்ற பருவத்தில் அணி பல வாரங்கள் போராடிய ஒரு சிறு சிக்கலைச் சொல்ல விரும்புகிறேன். ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. நேராகப் போகுமாறு நிரல் எழுதப்பட்ட வண்டி, போகப்போக இடப்பக்கம் ஒதுங்கியது. நிரலில் பிழை என்றான் ஒருவன். சக்கரம் தேய்ந்திருக்கிறது என்றாள் ஒருத்தி. தரை சமமாக இல்லை என்றார்கள் வேறு சிலர். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் மல்டிமீட்டரை எடுத்து, மோட்டார்களை இயக்கும் டிரைவர் பலகையின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் மின்னழுத்தத்தை அளந்து எழுதத் தொடங்கினாள். எல்.298 வகை டிரைவர் சிப் தன்னிடத்திலேயே ஏறத்தாழ இரண்டு வோல்ட்டை விழுங்கிவிடுகிறது என்பதும், மின்கலம் இறங்க இறங்க மோட்டாருக்குப் போய்ச்சேரும் அழுத்தம் இன்னும் குறைகிறது என்பதும், அந்தக் குறைவு இரண்டு மோட்டார்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை என்பதும் அவளுடைய அட்டவணையிலிருந்து தெரிந்தன. அதன் பிறகே, சக்கரத்தின் சுழற்சியை எண்ணிச் சொல்லும் என்கோடர் எதற்காக இருக்கிறது என்பது அவர்களுக்கு விளங்கியது. ஓமின் விதியைப் பாடநூலில் படித்துத் தேர்வில் எழுதிய பிள்ளைகள் அவர்கள். அந்த விதி தங்கள் வண்டியை ஒதுக்கித் தள்ளுவதை அன்றுதான் கண்டார்கள். வாதிடுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்ற பழக்கம் ஒரு பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் வந்துவிட்டால், அவள் பொறியாளர் ஆனாலும் ஆகாவிட்டாலும் அது வீண்போகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி, குறைகளைச் சொல்லாமல் வேண்டுகோளை வைக்க இயலாது. அரசுப் பள்ளிகளுக்கு வரும் கருவிப் பெட்டிகள் பெரும்பாலும் பீரோவில் பூட்டியே இருப்பதற்கு ஆசிரியர்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்லுவது எளிது. அது நியாயமும் அன்று, உண்மையும் அன்று. இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் கையொப்பமிட்டவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை உணரியை (சென்சாரை) தலைகீழாக இணைத்துக் கருக்கிவிட்டால், தணிக்கையின்போது அது எங்கே என்று கேட்கப்படும் கேள்வி ஆசிரியரை நோக்கியே வரும். ஓய்வூதியக் கோப்பு வரை அந்தக் குறிப்பு தொடர்ந்து வருமோ என்ற அச்சம் அவருக்கு இருக்கிறது. கருகாமல் மின்னணுவியல் கற்றவர் எவருமில்லை என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. ஆகவே பெட்டி பூட்டப்படுகிறது. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் திறந்து மேசையில் பரப்பி வைக்கப்படுகிறது. பிறகு மீண்டும் பூட்டப்படுகிறது.

இதற்குத் தீர்வு மேலாண்மைக் குழுவின் கையில் இருக்கிறது. கணினி, முப்பரிமாண அச்சு இயந்திரம், மல்டிமீட்டர் போன்றவற்றை நிலையான உடைமை என்ற தலைப்பிலும், உணரி, கம்பி, சிறு மோட்டார், நிரலை ஏற்றி வண்டியை இயக்க உதவும் ஆர்டுயினோ வகை மின்னணுப் பலகை, மின்கலம் ஆகியவற்றைப் பயன்பாட்டில் தேய்ந்து தீரும் பொருள் என்ற தலைப்பிலும் பிரித்துக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் தீர்ந்ததற்கு யாரும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதில்லை. உடைந்த சோதனைக்குழாய்க்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதே ஏற்பாடு இங்கும் வேண்டும். கருகிய பாகங்களை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, என்ன காரணத்தால் கருகியது என்று பிள்ளைகளே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அது கணக்குக்கும் ஆகும். அடுத்த அணிக்குப் பாடமும் ஆகும். ஒன்றிய அரசின் நிதி ஆயோக் வழங்கும் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்திலேயே ஒரு பள்ளிக்கு ஒதுக்கப்படும் 20 லட்சம் ரூபாயில் 10 லட்சம் ஆய்வகத்தை அமைப்பதற்கும், மற்ற 10 லட்சம் அதை ஐந்தாண்டுகள் நடத்துவதற்கும் என்று பிரிக்கப்பட்டிருப்பதைக் குழு கவனிக்க வேண்டும். வாங்குவதற்கு ஆகும் செலவுக்கு இணையாக நடத்துவதற்கும் ஆகும் என்பதைத் திட்டம் வகுத்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்த ஆய்வகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும்.

ஆசிரியரைப் பற்றியும் ஒரு சொல். தேர்வுப் பணி, எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றும் பணி, தேர்தல் பணி, வகுப்பு என்று அவருடைய நாள் முழுவதும் ஏற்கெனவே பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது. மீதமிருக்கும் தம் சொந்த நேரத்தைத்தான் அவர் அணிக்குத் தருகிறார். இதை அவருடைய தியாகம் என்று பாராட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. பாராட்டைவிட அவருக்குப் பயன்படுவது கால அட்டவணையில் ஓர் இடம். வாரத்தில் ஒரு நாள் கடைசி இரண்டு பாடவேளைகளை அணிக்கென ஒதுக்கி, அதை அவருடைய பணிச்சுமைக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்று தலைமையாசிரியர் ஐயாவை வேண்டுகிறேன். அவருடன் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இணைய வேண்டும். அவர்கள் அறிவியல் ஆசிரியர்களாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழாசிரியர் ஒருவரும் கைத்தொழில் ஆசிரியர் ஒருவரும் வந்தால் அணி இன்னும் சிறக்கும். அறையின் சாவி மூவரிடம் இருக்க வேண்டும். ஒருவர் விடுப்பில் போன நாளில் பிள்ளைகள் தாழ்வாரத்தில் காத்திருந்து திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. வெளிநாட்டுத் தொகுப்புகள் இருந்தால்தான் ரோபோட்டிக்ஸ் கற்க முடியும், அவை தனியார் பள்ளிகளுக்கே கட்டுப்படியாகும் என்பது அந்த எண்ணம். லீகோ தொகுப்பு ஒன்று பல பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்பது மெய்தான்; சில போட்டிகளுக்கு அது இன்றியமையாதது என்பதும் மெய்தான். ஆனால் கற்பதற்கு அது வேண்டியதில்லை. ஆர்டுயினோ வகைப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உக்கடத்துப் பழைய பொருள் கடைகளில் பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டாரும், காரின் வைப்பர் மோட்டாரும் கிடைக்கின்றன. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் அந்த வைப்பர் மோட்டார், பல்சக்கரங்களோடு சேர்ந்தே வருவதால், கனமான வண்டியையும் இழுக்கும் வலுவுள்ளது.

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரின் மேற்குப் பகுதியில் உள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நான்கு மாணவர்கள் நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டிக்குக் கலிபோர்னியா சென்றார்கள். மெக்சிகோவிலிருந்து குடிபெயர்ந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். சுற்றுவட்டாரத்தில் திரட்டிய சுமார் 800 டாலரில், தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. குழாய்களை ஒட்டி அந்த ரோபோவைச் செய்திருந்தார்கள். பல்கலைக்கழக அணிகள் போட்டியிடும் பிரிவில் பங்கேற்று, புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) அணியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலிடம் பெற்றார்கள். இந்தச் செய்தியை ஏழைப் பிள்ளைகள் பணக்காரரை வென்ற கதையாகவே பலரும் சொல்லுகிறார்கள். என் மனத்தில் நிற்பது வேறு இரண்டு விவரங்கள். முதலாவது, அந்தப் பள்ளியில் அணியை நடத்தியவர்கள் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் அல்லர். இரண்டாவது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத அந்த மாணவர்களுக்கே தொழில்நுட்ப அறிக்கை எழுதியதற்கான விருதும் கிடைத்தது. தாங்கள் செய்ததைத் தாங்களே முழுமையாக அறிந்திருந்ததால் அவர்களால் அதை எழுத முடிந்தது. பணம் கொடுத்து வாங்கிய தொகுப்பை, அச்சிட்ட படத்தைப் பார்த்து மாட்டிய பிள்ளையால் அப்படி எழுத முடியாது.

இந்தக் காரணத்தால்தான், பள்ளிகளுக்கு வந்து ஆண்டுச் சந்தாவில் ரோபோட்டிக்ஸ் வகுப்பு நடத்தித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் நம் நிதியை ஒப்படைத்துவிட வேண்டாம் என்று குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுள் நன்றாகக் கற்பிப்பவர்களும் இருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் பயிற்றுநர் போய்விடுவார், பெட்டியும் போய்விடும், பள்ளியில் யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுத்தரும் வழக்கம் பள்ளிக்குள்ளேயே வேரூன்ற வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஏழாம் வகுப்பு மாணவனுக்குச் சால்டரிங் பிடிக்கக் கற்றுத்தரும்போது இருவருமே கற்கிறார்கள்.

இப்போது பட்டறை நடத்தும் பெரியவர்களிடம் வருகிறேன். இம்மடலில் நான் அதிகம் நம்பியிருப்பது உங்களைத்தான்.

இந்த ஊர் எப்படி இந்த ஊர் ஆயிற்று என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இளையவர்களுக்காகச் சொல்லுகிறேன். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. அந்த ஆலைகளின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் தோன்றின. பழுதுபார்த்த கைகளே பிறகு பாகங்களையும் இயந்திரங்களையும் செய்யத் தொடங்கின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். கிணற்றுப் பாசனம் பம்புகளைக் கேட்டது. பம்புகள் வார்ப்படத்தைக் கேட்டன. புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டர் வரை, இந்த ஊரின் பொருள்கள் பலவும் ஒரு பட்டறையின் பின்கட்டில் யாரோ ஒருவர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததிலிருந்து வந்தவை. அப்படிச் செய்து பார்க்கும் இடம் இன்று நம் பள்ளிக்குள் ஓர் அறையாக இருக்கிறது. ஆனால் அந்த அறைக்கும் உங்கள் பட்டறைக்கும் இடையே ஒரு மதில் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டரை அளக்கும் மனிதர் இருக்கிறார். இந்தப் பக்கம், தெர்மாகோலை ஒட்டி அச்சாணி செய்து அது ஏன் ஆடுகிறது என்று தெரியாமல் ஒரு பிள்ளை நிற்கிறாள்.

பொறியாளரையும் பள்ளி மாணவரையும் ஒரே மேசையில் அமர்த்துவது புதிய யோசனை அன்று. அமெரிக்காவில் 1989-ல் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு 1992-ல் தன் முதல் போட்டியை 28 அணிகளோடு நடத்தியது. தொழிலில் இருப்பவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து உழைப்பதே அதன் அடிப்படையாக இருந்தது. பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களை அவர்கள் தேடிப் போனார்கள். நமக்கோ தேடவே வேண்டாம். தெருவைக் கடந்தால் போதும்.

நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், உங்களுள் ஒருவர் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார வேண்டும். வெர்னியரை எப்படிப் பிடிப்பது, துளைக்கு முன் ஏன் சென்டர் பஞ்ச் அடிப்பது, தாங்கிக்கும் அச்சுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, அலுமினியத் தகட்டை எந்தப் பக்கம் மடித்தால் விரிசல் விடாது என்பவை உங்களுக்கு அன்றாடம். அவர்கள் பாடநூலில் இவை இல்லை. மோட்டார் ரீவைண்டிங் செய்பவர் ஒருவர் கருகிய மோட்டாரைப் பிரித்துக் காட்டினால், மின்காந்தவியல் பாடம் முழுவதும் அந்தக் காயிலுக்குள் இருப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஸ்கிராப் தொட்டியில் விழும் துண்டுத் தகடுகளும், அளவு தவறி ஒதுக்கப்பட்ட புஷ்களும் எங்களுக்குக் கச்சாப்பொருள். பிள்ளைகள் வரைந்து கொண்டுவரும் பாகத்தை உங்கள் இயந்திரத்தில் வெட்டித் தந்தால், வரைபடத்தில் ஓர் அளவை எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதை அவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலையில் அமர்த்துவதையும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதையும் சட்டம் தடை செய்கிறது. அணியின் பிள்ளைகள் பட்டறைக்கு வருவது பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அளப்பதற்கும் மட்டுமே. இயந்திரத்தை இயக்குபவர் எப்போதும் உங்கள் ஆபரேட்டராக இருக்க வேண்டும். ஆசிரியரோ பெற்றோரோ ஒருவர் உடன் நிற்க வேண்டும். கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாத பிள்ளை உள்ளே வரக் கூடாது. இந்த விதிகளை எழுத்தில் வைத்து, பெற்றோரின் ஒப்புதலையும் பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

மின்கட்டணமும் ஆர்டர் குறைவும் உங்களை எப்படி வாட்டுகின்றன என்பதை நானும் இதே தொழிலில் இருப்பதால் அறிவேன். கையில் வேலை இருக்கும் நாளில் நேரம் இல்லை, நேரம் இருக்கும் நாளில் மனம் இல்லை என்று நீங்கள் சொன்னால் அதை மறுக்க என்னால் ஆகாது. ஆயினும், லேத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, டூல் ரூமுக்கு வரும் இளைஞர்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியவில்லை என்று நீங்களே வருந்துவதை எத்தனையோ தேநீர்க் கடைகளில் கேட்டிருக்கிறேன். நாளை உங்கள் தொழிலுக்கு வர வேண்டியவர்கள் இன்று மதிலுக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் தொழில் எண்ணெய்க் கறையாக மட்டும் தெரிகிறது. அதனுள் இருக்கும் அறிவு தெரியவில்லை. அதைக் காட்டக்கூடியவர்கள் உங்களைத் தவிர வேறு யாருமில்லை.

பெற்றோர்களுக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கு, இப்போது சொல்லுகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களும் பாதிப் பங்கு பெண்களும் இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. ஆகவே அணியில் பெண் பிள்ளைகள் நிலைப்பதற்கு வேண்டியதைச் செய்ய உங்களைவிடத் தகுந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. ஆறாம் ஏழாம் வகுப்புகளில் அணிக்கு வரும் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவர்கள் மெல்ல மறைந்துபோகிறார்கள். ஆர்வம் குறைந்து போகிறவர்கள் மிகச் சிலரே. மாலை ஆறு மணிக்கு மேல் தனியாக எப்படி வருவாள், தம்பியை யார் பார்த்துக்கொள்வது, பையன்களோடு அறையில் என்ன வேலை என்ற கேள்விகள்தாம் அவர்களை வீட்டில் நிறுத்துகின்றன. முதல் கேள்வி நியாயமானது. அதற்கு விடை, கூடுகையை ஐந்தரைக்குள் முடித்து, ஒரே பகுதிக்குப் போகும் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவது. ஒவ்வொரு கூடுகையிலும் ஒரு தாயாவது அறையில் இருப்பது. நீங்கள் நிரல் எழுதக் கற்க வேண்டியதில்லை. அங்கே உட்கார்ந்து, உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் விடையைக் கேட்ட பிறகு மற்ற இரண்டு கேள்விகளை நீங்களே கேட்க மாட்டீர்கள் என்று எண்ணுகிறேன்.

பொதுத்தேர்வு பற்றிய அச்சத்தையும் நான் அலட்சியப்படுத்தவில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உள்ளவர்களை முழு அணிப் பொறுப்பில் வைக்க வேண்டாம். விரும்பினால் மாதம் ஒருமுறை வந்து இளையவர்களுக்கு யோசனை சொல்லட்டும். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகள் அணியின் உடலாக இருக்கட்டும். 2025-26 முதல் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருப்பதால், அந்த ஆண்டில் சற்றே மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அதையும் தனிப்பயிற்சியால் அடைத்துவிட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021 முதல் கிடைக்கிறது. அந்தக் கதவு வழியாகக் கல்லூரிக்குள் நுழையும் நம் பிள்ளைகள், முதல் செமஸ்டர் ஆய்வகத்தில் மல்டிமீட்டரை முதன்முறையாகப் பார்த்துத் தயங்கி நிற்கும் நிலை இனி வேண்டாம்.

யாரை அணியில் சேர்ப்பது என்பதிலும் உறுதியாக இருக்க வேண்டுகிறேன். மதிப்பெண் பட்டியலின் மேலிருந்து பத்துப் பேரை எடுத்துவிடுவது எளிய வழி, தவறான வழியும் கூட. வீட்டில் தந்தையின் தறியையோ ஆட்டோவையோ பிரித்து மாட்டிப் பழகிய பிள்ளை கணக்கில் நாற்பது வாங்கியிருக்கலாம். கைக்கு வந்த அறிவு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. கதை சொல்லத் தெரிந்தவர், படம் வரையத் தெரிந்தவர், வரவு செலவு எழுதத் தெரிந்தவர் எல்லோருக்கும் அணியில் வேலை உண்டு. அணியின் குறிப்பேடு தமிழில்தான் எழுதப்பட வேண்டும். யோசிக்கும் மொழியில் எழுதினால் தவறு எங்கே என்று பிள்ளைக்கே தெரியும். ஆங்கிலத்தில் சமர்ப்பிக்க வேண்டிய போட்டிக்கு, தமிழில் தெளிவானதை ஆங்கில ஆசிரியரின் துணையோடு பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

முன்னாள் மாணவர்களே, உங்களிடம் கேட்பது பயணச் செலவும் தொடர்பும். போட்டிக்கான பதிவுக் கட்டணம், பிள்ளைகளும் பாதுகாவலர்களும் போய்வரும் இரயில் கட்டணம், தங்குமிடம், உணவு இவைதாம் ஆண்டின் பெருஞ்செலவு. ஒருவரே முழுவதையும் தருவதை நான் விரும்பவில்லை. அவர் நிறுத்திக்கொண்ட ஆண்டில் அணியும் நின்றுவிடும். பலர் சிறிது சிறிதாக ஆண்டுதோறும் தருவதே நிலைக்கும். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் இணையதளம் வழியாக நம் பள்ளியின் பெயருக்கே நன்கொடை அளிக்கலாம். நம் வட்டாரத்தின் பெரிய பம்பு நிறுவனங்களுள் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்கும் கடமை உடையவை உண்டு. அவற்றில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள், பள்ளியின் விண்ணப்பம் உரியவர் மேசைக்குப் போய்ச்சேர உதவ வேண்டும். எவ்வழியில் வந்தாலும், வரவும் செலவும் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். உதவியவர்களின் பெயரை நன்றியோடு எழுதுவோம். ஆனால் பிள்ளைகளின் சட்டையை விளம்பரப் பலகை ஆக்கவோ, ரோபோவின் மேல் பிள்ளைகளின் பெயரைவிடப் பெரிதாக வேறொரு பெயரை எழுதவோ இசைய மாட்டோம்.

அறைக்கு வேண்டியவை அதிகமில்லை. நிலத்தொடர்பு சரியாக உள்ள மின்இணைப்பு, பூட்டக்கூடிய இரண்டு அலமாரிகள், நீண்ட மேசைகள், ஒரு மின்விசிறி, நல்ல வெளிச்சம். லித்தியம் மின்கலங்களைப் பெரியவர் முன்னிலையில் மட்டும் மின்னேற்றுவது, இரவில் மின்னேற்றிவிட்டுப் போகாமலிருப்பது, உப்பிய மின்கலத்தை உடனே விலக்குவது, அவற்றைத் தகரப் பெட்டியில் வைத்து அருகில் மணல் வாளி ஒன்றை வைப்பது ஆகிய விதிகள் சுவரில் ஒட்டப்பட்டு நாள்தோறும் பின்பற்றப்பட வேண்டும். இதில் சலுகையே கூடாது.

வரும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இவற்றைப் பொருள்நிரலில் சேர்த்து, அணியைப் பள்ளியின் நிலையான செயல்பாடாக அறிவிக்கும் தீர்மானத்தையும், தேய்ந்து தீரும் பொருள்கள் பற்றிய தீர்மானத்தையும் நிறைவேற்ற வேண்டுகிறேன். தலைமையாசிரியர், மூன்று ஆசிரியர்கள், இரு தாய்மார்கள், பட்டறை உரிமையாளர் ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர், அணியின் மாணவர் இருவர் அடங்கிய துணைக்குழு ஒன்றையும் அமைத்துத் தர வேண்டும். ஆசிரியர் ஒருவர் மாறுதலில் போகும்போது பொறுப்பை எழுத்து மூலம் ஒப்படைப்பதும், புதியவருக்கு ஒரு பருவம் துணைநிற்பதும் அந்தத் துணைக்குழுவின் முதல் கடமையாக இருக்கட்டும். முதலாண்டில் கோப்பை ஏதும் வராமல் போகலாம். இரண்டாம் ஆண்டிலும் வராமல் போகலாம். அதைக் கொண்டு அணியை அளக்க வேண்டாம். ஆண்டின் இறுதியில் எத்தனை பிள்ளைகள் அணியில் நீடித்திருக்கிறார்கள், அவர்களுள் எத்தனை பேர் இளையவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள் என்று கேளுங்கள்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பின் வரும் முதல் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, அணியின் அறையைப் பெற்றோருக்கும் பட்டறையினருக்கும் திறந்துவைக்கத் தலைமையாசிரியர் ஐயா ஒப்புதல் தந்திருக்கிறார். பிள்ளைகள் தங்கள் வண்டிகளை இயக்கிக் காட்டி, கேள்விகளுக்கு விடை சொல்வார்கள். வரும்போது உங்கள் பட்டறையில் ஒதுக்கிவைத்த துண்டுத் தகடோ, பழைய மோட்டாரோ, பயன்படுத்தாத அளவுகோலோ இருந்தால் கொண்டுவாருங்கள். துணைக்குழுவில் இடம்பெற விரும்புவோர் தங்கள் பெயரை அன்றைக்கே பள்ளி அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
பள்ளியின் முன்னாள் மாணவி,
ரோபோட்டிக்ஸ் அணியின் தன்னார்வ வழிகாட்டி,
கோயம்புத்தூர்.